ஆயா அடக்கிய மூச்சு

'மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன்' என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பஸ் பிடிக்க ஓடியவனும் சொல்கிறான், ரேஷன் கடை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தவனும் சொல்கிறான். நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தியோடு நான் பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருந்தவன். பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் அது என்னவென்று தெரியும். அது தெரியாமல் பேசுகிறார்கள்.

அவள் என் ஆயா. என் நைனாவைப் பெற்றவள். திருவள்ளூருக்கும் வேப்பம்பட்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் பாட்டியை ஆயா என்றும் அப்பாவை நைனா என்றும்தான் கூப்பிடுவோம். என்னைப் பெற்ற கையோடு அம்மா கண்ணை மூடிவிட, ஆயாதான் தூக்கி வளர்த்தாள். நல்ல உயரம். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நாற்றுக்கட்டு தலையில் இருக்க நடந்து வந்தால் எதிரில் வருகிறவர்கள் வரப்பிலிருந்து இறங்கி வழிவிடுவார்கள். அவளுக்கு உலகத்தில் இரண்டே இரண்டுதான். ஒன்று பெருமாள், இன்னொன்று சடுகுடு. நான் மூன்றாவது என்று சின்ன வயதில் எனக்கு ஒரு குறை உண்டு.

எங்கள் ஏரிக்கரைத் திடலில் அறுப்பு முடிந்தால் சடுகுடு தொடங்கிவிடும். ஆம்பிளைகள் நிற்கிற பக்கத்திலேயே, கோட்டை ஒட்டி முதல் ஆளாக ஆயா நிற்பாள். ஆரம்பத்தில் யாராவது முணுமுணுத்திருக்கலாம். எனக்கு நினைவு தெரிந்த நாளில் அந்த இடம் அவளுடையது என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்தது.

ஒரே மூச்சில் 'சடுகுடு' பாடிப் போகிறவன் நடுக்கோட்டைத் தாண்டினானோ இல்லையோ, ஆயாவின் வாய் மூடிக்கொள்ளும். மூக்கு விடைக்கும். முந்தானை நுனியைச் சுருட்டிப் பிடித்த கை நெஞ்சுக்குப் போய்விடும். அவன் உள்ளே பாய்ந்து, பதுங்கி, தொட்டு, பாட்டு அறுவதற்குள் கோட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் ஆயா மூச்சு விடமாட்டாள். அவன் திரும்பினதும் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும், குக்கரில் பிரஷர் இறங்குகிற மாதிரி. சரி, நம் ஊர்ப் பையன்மேல் உள்ள பாசம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. அடுத்து எதிர்க்கட்சிக்காரன் பாடிக்கொண்டு நம் பக்கம் வருவான். அவனுக்கும் அடக்குவாள். சடுகுடுவில் ஒருத்தன் திரும்பின நிமிஷமே இன்னொருத்தன் கிளம்பிவிடுவான் இல்லையா? நடுவில் கிடைக்கிற அந்த ஒரு வாய்க் காற்றில்தான் ஆட்டம் முழுக்க ஆயாவின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆயா, மூச்சு வுடு! ஆயா, மூச்சு வுடு!" என்று கூட்டம் சிரித்துக்கொண்டே கத்தும். ஆட்டக்காரனுக்குக் கைதட்டுவதைவிட இதற்குத்தான் உற்சாகம் அதிகம். நான் சிரித்ததில்லை. அவள் முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்கு அழுகைதான் வரும்.

எனக்கு அவள் ஆட்டத்தில் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. "நீ ஆடு, நான் பாக்கறேன்" என்பதோடு சரி. ஆனால் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு வாய் ஓயாது. அடுப்பில் குழம்பு தீய்வது தெரியாமல் பேசுவாள். "அவனுக்கு பாட்டு தொண்டையிலயே நிக்குது. வயித்துலேர்ந்து வரல. அதான் பாதியில அறுந்துபோச்சு." அன்றைக்குக் குழம்பு தீய்ந்தால் நானும் நைனாவும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவோம்.

அமாவாசைக்கு அமாவாசை திருவள்ளூர் பெருமாள் கோயில் குளத்துக்குப் போவாள். உடம்புக்கு முடியாதவர்களுக்காக அந்தக் குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். வெல்லம் கரைகிற மாதிரி நோவும் கரையும் என்று நம்பி ஆந்திராவிலிருந்தெல்லாம் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஆயா வெல்லத்தைத் துணியில் முடிந்து எடுத்துப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கரைப்பாள். நான் பெரிய ஆட்டக்காரனாகத் தலையெடுத்த சமயம், பக்கத்து ஊரோடு ஒரு போட்டிக்கு முந்தின நாள் அவளைக் கேட்டேன்.

"நாங்க ஜெயிக்கணும்னு வேண்டிக்கினியா ஆயா?"

"அத்த எப்புட்றா கேக்கறது? அந்த ஊர்க்காரனும் இதே கொளத்துலதான வெல்லம் கரைக்கறான். பெருமாளு எந்தக் கச்சில நிப்பாரு?"

"பின்ன இன்னாதான் கேட்ட?"

"எவன் காலும் ஒடையக் கூடாதுன்னு கேட்டேன். ஆட்டத்துல ஜெயிக்க சாமிய கூப்புடறது கள்ளாட்டம்டா."

அந்தப் போட்டியில் கால் உடையவில்லை, ஆனால் அந்த ஊர்ப் பையன் ஒருத்தனுக்கு முட்டி திருகிக்கொண்டது. பிடித்தவன் நான்தான். அதே பிடியில் என் மணிக்கட்டும் பிசகி வீங்கிப்போனது. அடுத்த அமாவாசைக்கு ஆயா வெல்லம் முடிந்தாள். எனக்குத்தான் என்று நானும் பெருமையாகக் கையை நீட்டிக்கொண்டு கூடவே போனேன். குளத்தில் நின்று கரைக்கும்போது அந்தப் பையனின் பெயரைச் சொல்கிறாள். என் பெயரைக் காணோம்.

"ஆயா, என் கைக்கு?"

"ஒனக்கு கையிதான? கை வலிச்சா ஊட்ல நான் சோறு ஊட்டுவேன். அவனுக்கு காலு. காலு போனா எப்புட்றா ஆடுவான்?"

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவள் மூச்சை அடக்குவதை நிறுத்த நாங்கள் செய்யாத தந்திரம் இல்லை. வெற்றிலையை வாயில் அடக்கச் சொன்னோம், மெல்வதை மறந்து அப்படியே நின்றாள். ஒருநாள் நைனாவுக்கு ஒரு யோசனை வந்தது. "எம்மா, அவன் பாடிப் போறப்போ நீ கோயிந்தா கோயிந்தான்னு சொல்லிக்கினே இரு. பேரு சொன்னா மூச்சு தானா வரும். புண்ணியமும் ஆச்சு" என்றார். ஆயாவுக்கும் அது பிடித்துப்போனது. அடுத்த ஆட்டத்தில் எல்லோரும் ஆட்டத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்தோம். பையன் கோட்டைத் தாண்டினான். அவன் அங்கே 'சடுகுடு சடுகுடு' என்கிறான், இவள் இங்கே 'கோயிந்தா கோயிந்தா கோயிந்தா' என்கிறாள். ஒரே மூச்சில். அவன் பாட்டு நிற்கிற வரைக்கும் இவளுடைய கோவிந்தாவும் அறவில்லை. சும்மா அடக்கினாலாவது காற்று உள்ளே இருந்திருக்கும். இப்போது உள்ளே இருந்ததையும் பெருமாளுக்குக் கொடுத்துவிட்டு நின்றாள். நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தது ஒரு காணும் பொங்கலோடு முடிந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு பக்கமும் வெகுநேரம் தம் கட்டிப் பாடுகிற நெடுமூச்சுக்காரர்கள். ஒருத்தன் திரும்பினான், இன்னொருத்தன் கிளம்பினான், நடுவில் அந்த ஒரு வாய்க் காற்றையும் ஆயா எடுத்த மாதிரித் தெரியவில்லை. "ஆயா, மூச்சு வுடு" என்று கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போதே மரம் சாய்கிற மாதிரிச் சாய்ந்தாள். கட்டை வண்டியில் போட்டுத் திருவள்ளூருக்குக் கொண்டு போனோம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு எங்களை வெளியே கூப்பிட்டார். நெஞ்சு பலவீனமாக இருக்கிறது, இன்னொரு தடவை இப்படி மூச்சை அடக்கினால் திரும்ப எழுந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றார்.

நைனா அன்றைக்கே முடிவாகச் சொல்லிவிட்டார். "இனிமே நீ ஆட்டத்தாண்ட போவக் கூடாது. சொல்லிட்டேன்."

"ஏன்டா, நான் இன்னா பண்ணேன்?"

"ஏம்மா மூச்ச புடிக்கற? அவன் ஆடறான், அவன் புடிக்கறான். ஒனக்கு இன்னா வந்துது?"

ஆயா ஏதோ தப்புச் செய்துவிட்ட குழந்தை மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்தப் பக்கம் ஏழு பேரு நிக்கறான். இவன் ஒத்தையா உள்ள போறான். கூட யாராச்சும் போவ வேணாவா?"

நைனா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வெட்கம் விடவில்லை.

இதற்குள் எழுபதுகள் வந்துவிட்டன. ஏரியில் தண்ணீர் நிற்பது குறைந்து, எங்கள் நிலத்தில் ஒரு போகம் வருவதே பெரும்பாடு. நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி உருட்டும் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். வேப்பம்பட்டில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் போகவேண்டும். போனாலும் வேலை நிச்சயமில்லை. நான் கேஷுவல். காலையில் கேட்டுக்கு வெளியே கும்பலாக நிற்போம். மேஸ்திரி வந்து, நீ வா, நீ வா என்று கை காட்டுவார். கை காட்டாதவன் அடுத்த ரயிலில் திரும்ப வேண்டியதுதான். எனக்கு ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. "மாப்ள பர்மனென்ட்டு ஆவட்டும், அப்பால தேதி வெச்சிக்கலாம்" என்று பெண்ணின் அப்பா இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்பெனி மேனேஜருக்குக் கபடிப் பைத்தியம். சடுகுடு அங்கே கபடி ஆகிவிட்டது. சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்குள் வருஷா வருஷம் போட்டி நடக்கும். நான் ஆடுவதைப் பார்த்து என்னையும் டீமில் சேர்த்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் நிரந்தர ஆட்கள், நான் ஒருத்தன்தான் கேஷுவல். இறுதிப் போட்டிக்கு முந்தின வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "கப்பக் கொண்டாந்து என் டேபிள் மேல வை. மறுநாளே நீ பர்மனென்ட்" என்றார். கேப்டன் ஏகாம்பரம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "சார் சொன்னா சொன்னதுதான்டா" என்று என் முதுகில் அடித்தான்.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆயா என் பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "நாஷ்டா துன்னுட்டுப் போ. வவுறு நெறைய துன்னாத" என்றாள். ஆட்டத்துக்குப் போகிறவனிடம்தான் அப்படிச் சொல்வாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

கம்பெனிகளுக்கு நடுவில் காலி மனை ஒன்றைத் திடலாக்கிக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் புகைபோக்கி, இன்னொரு பக்கம் லாரிகள். எல்லாக் கம்பெனி ஆட்களும் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எதிரில் போன வருஷம் ஜெயித்தவர்கள். சமமாக முடிந்தால் கோப்பை அவர்களிடமே தங்கிவிடும் என்பது ஏற்பாடு. நாங்கள் கண்டிப்பாக ஜெயித்தாக வேண்டும். ஆட்டம் முழுக்க அவர்கள் ஒரு புள்ளி முன்னால் போவார்கள், நாங்கள் எட்டிப் பிடிப்போம். நேரம் முடியப்போகிற சமயத்தில் இரண்டு பக்கமும் சமம். கடைசிப் பாட்டு எங்களுடையது.

ஏகாம்பரம் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "நீதான் போவணும். ஒருத்தனத் தொட்டா போதும். தொட்டுட்டு வந்துடு. ஒன் வேலையும் அங்கதான் கீது, எங்க கப்பும் அங்கதான் கீது."

நான் கோட்டைத் தாண்டினேன். அந்தப் பக்கம் மூன்று பேர் மிச்சம். விவரமானவர்கள். தொடக்கூடிய தூரத்தில் நிற்காமல் கடைசிக் கோடு வரை பின்வாங்கிக்கொண்டார்கள். இவன் மூச்சு தீரட்டும், தீர்ந்ததும் அமுக்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு நெடுமூச்சு. நானும் அவசரப்படவில்லை. இடது மூலையில் நின்ற கறுத்த பையன்தான் என் குறி. அவன் பார்வை அலைந்துகொண்டிருந்தது. வலது பக்கம் போவது மாதிரிப் போக்குக் காட்டி, இடது பக்கம் மெல்ல மெல்ல நகர்ந்தேன். கபடி கபடி கபடி. கூட்டத்தின் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. இன்னும் ஒரு பாய்ச்சல்தான்.

அந்தப் பையனுக்குப் பின்னால், வெளிக்கோட்டை ஒட்டி, ஆட்களின் முழங்கைகளுக்கு நடுவில் ஆயா நின்றுகொண்டிருந்தாள்.

பேசின் பிரிட்ஜைத் தாண்டி அவள் வாழ்க்கையில் போனதில்லை. யாரை விசாரித்து, எந்த வண்டி ஏறி வந்தாளோ. புடவையை வரிந்து கட்டியிருந்தாள். ஒரு கையில் வெல்ல முடிச்சு. இன்னொரு கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நெஞ்சில் இருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. எங்கள் ஊர்த் திடலாக இருந்தால் இந்நேரம் கூட்டமே கத்தியிருக்கும். இங்கே அவளை யாருக்குத் தெரியும்? ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை. உதடு நீலமாக மாறிக்கொண்டிருந்தது. கண் மட்டும் என்மேல். டாக்டர் சொன்னது என் காதில் அப்படியே கேட்டது.

என் நெஞ்சில் இன்னும் காற்று இருந்தது. அவள் நெஞ்சில் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பினேன். பாய வேண்டிய கால் தானாகத் திரும்பி ஓடி நடுக்கோட்டை மிதித்தது. பாட்டை நிறுத்தினேன். நிறுத்தின அந்த நொடியே திரும்பிப் பார்த்தேன். ஆயாவின் வாய் திறந்தது, தோள் குலுங்கியது, மூச்சை விட்டுவிட்டாள். விசில் ஊதினார்கள். ஆட்டம் முடிந்தது. சமம். எதிர்க்கட்சிக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். ஏகாம்பரம் ஒன்றும் புரியாமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஆயா திடலுக்குள்ளேயே வந்துவிட்டாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என் எதிரில் வந்து நின்றாள்.

"ஒனக்கு மூச்சு இருந்துச்சா, இல்லியா?"

நான் திடலில் போட்டிருந்த கோட்டைப் பார்த்தேன்.

"கேக்கறன்ல. இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு ஆயா."

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. அத்தனை கம்பெனி ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில்கூட அவள் என்னை அடித்ததில்லை.

"மூச்ச வெச்சிக்கினே திரும்பி வர்றியே, அதுக்கு இன்னா பேரு? கள்ளாட்டம்! நான் செத்தா செத்துட்டுப் போறேன். ஆட்டத்துக்குள்ள போனவனுக்கு வெளிய இன்னாடா பார்வை?" அடித்த அதே கையால் என் தோளைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுந்திருப்பாள். பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் எங்கள் பக்கத்தில் வந்தார். ஏகாம்பரம் அவரிடம் ஏதோ சொல்லப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. "பாதியில திரும்பறவன நம்பி மெஷின் கிட்ட எப்படிப்பா நிறுத்தறது?" என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது அநியாயம். அன்றைக்கும் எனக்கு அப்படித்தான் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

திரும்புகிற ரயிலில் ஆயா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறக் காத்திருக்கும்போது மட்டும் வாயைத் திறந்தாள். "அந்த மூலைல நின்ன பையனுக்கு ரெண்டு காலும் நடுங்கினு இருந்துது. கைய நீட்டி இருந்தாலே போதும்." அத்தோடு சரி. வேப்பம்பட்டு வரும்வரை வெல்ல முடிச்சு மடியிலேயே இருந்தது.

கம்பெனியில் அதற்குப் பிறகு மேஸ்திரியின் கை என் பக்கம் நீளுவது குறைந்துகொண்டே வந்து, நின்றும் போயிற்று. பெண் வீட்டில் அதற்குமேல் காத்திருக்கவில்லை. வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச காலம் நான் யாரோடும் சரியாகப் பேசாமல் திரிந்தேன். பின்னாளில் காக்களூரில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்பது வேறு கதை.

நைனா போட்ட தடையை ஆயா இப்போது தானாகவே ஏற்றுக்கொண்டு, திடல் பக்கமே வராமல் இருந்தாள். அவளால்தான் என் பிழைப்பு போயிற்று என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள். நான் மறுபடி ஊரில் ஆடப் போனபோது வாசல்வரைகூட வரவில்லை. சரி, இனிமேல் நிம்மதி என்று நினைத்தேன். ஒருநாள் நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ அங்க ஆடற. கெய்வி இங்க இன்னா பண்ணுது தெரியுமா? கெணத்தாண்ட போயி நின்னுக்கினு மூச்ச அடக்கிக்கினு கீது."

"எதுக்கு?"

"திடல்ல சத்தம் அடங்கினா, எவனோ பாடிப் போறான்னு அர்த்தமாம். அதுக்கு அடக்குது. சத்தம் கேட்டா வுடுது. நேர்ல பாத்தாலாவது திரும்பிட்டான்னு கண்ணுக்குத் தெரியும். இங்க அதுவும் தெரியல. பெரிய பேஜாரா கீதுடா."

நான் ஆட்டத்தை விட்டுவிட்டேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் திடலில் யாரோ ஒருத்தன் ஆடிக்கொண்டுதானே இருந்தான்? ஆயா கிணற்றடிக்குப் போவது நிற்கவில்லை. போதாததற்கு, நான் ஏன் போகவில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "இவன் ஆடாம ஊட்ல குந்திக்கினு இருந்தா நானும் துன்ன மாட்டேன்" என்று நைனாவிடம் சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒரு தடவ என்னால ஒம் பொயப்பு போச்சு. இப்ப ஆட்டமும் போவணுமா?"

கடைசியில் நைனாதான் வழி கண்டுபிடித்தார். ஆட்டத்துக்கு ஆயா வரலாம். ஆனால் ஸ்டூலில் உட்கார வேண்டும். பின்னால் நைனா நின்று, அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். மூச்சு நின்றது தெரிந்தால் தட்டுவார். தட்டினால் விட்டுவிட வேண்டும். "பெருமாள் மேல சத்தியம் பண்ணு" என்றார். ஆயா யோசித்து யோசித்து, அரை மனசாகச் சத்தியம் செய்தாள்.

அதன்பிறகு எங்கள் ஊர்த் திடலில் அதுதான் காட்சி. ஆட்டம் பிடிக்காத மனுஷன் என் நைனா. ஆட்டம் முழுக்க நடுக்களத்தைப் பார்க்காமல், தன் தாயின் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பாடிப் போகும்போது 'தப், தப்' என்று சத்தம் வரும். அவள் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுப் பாதி மூச்சு விடுவாள். விட்ட கையோடு திரும்பவும் அடக்குவாள். "எம்மா!" என்று அவர் பல்லைக் கடிப்பார். "வுட்டேன்ல, போடா" என்பாள். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லாமல் ஆட முடிந்தது. என் நல்ல ஆட்டமெல்லாம் அந்த வருஷங்களில் ஆடியதுதான்.

பிறகு ஒரு பொங்கல் சமயத்தில் ஆயா படுத்துவிட்டாள். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவளைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு இருந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஊசி எதுவும் போடாமல் போய்விட்டார். காணும் பொங்கல் அன்று மத்தியானம் திடலில் ஆட்டம் தொடங்கிய சத்தம் வீட்டுக்கு நன்றாகக் கேட்டது. அன்றைக்கு ஊருக்காக நான் இறங்கவேண்டிய ஆட்டம். போகவில்லை.

"நீ போவல?" என்று ஆயா கேட்டாள். குரலே வரவில்லை.

"எனக்கு பதிலு ஒரு பையன எறக்கி கீறாங்க ஆயா. சின்னப் பையன். நல்லா பாடுவான்."

"மொத ஆட்டமா?"

"ஆமாம்."

அவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் திடலில் சத்தம் அடங்கியது. ஆயாவின் வாய் மூடிக்கொண்டது. நைனா அவளைச் சற்று முன்னால் சாய்த்து முதுகில் தட்டினார். விட்டாள். உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. மறுபடி திடல் அடங்கியது. அடக்கினாள். தட்டினார். விட்டாள். எனக்கு அவளைத் திட்டவேண்டும்போல இருந்தது, காலைப் பிடித்துக் கெஞ்சவேண்டும்போலவும் இருந்தது. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

மறுபடியும் திடலில் சத்தம் அடங்கியது. இந்தத் தடவை அது நீண்டுகொண்டே போனது. உள்ளே போனவன் நெடுமூச்சுக்காரன் போலிருக்கிறது. ஆயாவின் மூக்கு விடைத்தது. என் விரலை அவள் கை இறுக்கியது. என்ன நினைத்தேனோ, நானும் மூச்சை அடக்கினேன். அடக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலேயே நெடுமூச்சுக்காரன் என்று பெயர் வாங்கியவன் நான். நெஞ்சு வெடித்துவிடும்போல ஆயிற்று. அவள் அசையவில்லை.

திடலில் ஊரே எழுந்து கத்தியது. போனவன் திரும்பிவிட்டான். என்னால் அதற்குமேல் முடியவில்லை. விட்டுவிட்டேன். ஆயா விடவில்லை.

"எம்மா, வந்துட்டாம்மா. பையன் வந்துட்டான். வுடும்மா" என்று நைனா அவள் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்.